மோனோவாயில் இரண்டாவது ஆள் யார்?

வணக்கம். சுருங்கிக்கொண்டே போகும் சிற்றூர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவாய் என்ற ஊரில் ஒரே ஒருவர்தான் வசித்தார் என்று அதில் இருந்தது. தேடிப் பார்த்தேன். 2010 கணக்கெடுப்பில் 1 என்றுதான் இருக்கிறது. ஆனால் 2020-ல் 2 என்று இருக்கிறதே, அந்த இரண்டாவது ஆள் யார்? இன்னொன்று. ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தை ஊர் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு வீடுதானே? பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டு நகர வேண்டிய விஷயத்துக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றியது. தவறாக எண்ண வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

தவறாக எண்ண ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது ஆள் என்று யாரும் இல்லை. செய்தியாளர்கள் விசாரித்தபோது, தன்னைத் தவிர இங்கே வேறு யாரும் கிடையாது என்றுதான் அங்கே தனியாக வசித்த மூதாட்டி சொன்னார். அந்த 2, கணக்கெடுப்புத் துறை தெரிந்தே வெளியிட்ட எண். ஓர் ஊரில் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் சராசரி வயது என்று எதை அச்சிட்டாலும் அது அவருடைய வயதுதான். இனம், சொந்த வீடா வாடகை வீடா என்பது எல்லாமே அப்படித்தான். அவர் பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தை அப்படியே சுவரில் ஒட்டியதுபோல ஆகிவிடும். தனி ஆளின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அதனால் 2020-ல் ‘டிஃபரன்ஷியல் ப்ரைவசி’ என்ற கணித முறையைக் கொண்டுவந்தார்கள். மாநிலங்களின் மொத்தத் தொகையில் கைவைக்காமல், அதற்குக் கீழே உள்ள சின்னச் சின்ன இடங்களின் எண்களில் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வெளியிடுவது அந்த முறை. நெப்ராஸ்காவின் 19,61,504 என்ற மொத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. பெரிய நகரத்தில் ஓர் ஆள் கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? மோனோவாயில் மக்கள்தொகை இரண்டு மடங்காகிவிட்டது. அங்கே தனி ஆள்களின் கணக்கெடுப்புப் பதிவுகளை 72 ஆண்டுகள் பூட்டி வைப்பார்கள். 2020-ன் பதிவுகள் திறக்க 2092 ஆகும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது வீடுதானே என்கிறீர்கள். சட்டப்படி இல்லை. மோனோவாய் பதிவு பெற்ற ஊராட்சி. நயோப்ரரா, மிசௌரி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, 12-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில், அரை சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. அதற்கு எல்லை உண்டு, மேயர் உண்டு, கிளார்க் உண்டு, பொருளாளர் உண்டு. எல்லாப் பொறுப்பும் அந்த ஒரே அம்மாவிடம். அவர் நடத்திய டேவர்னுக்கு, அதாவது சாப்பாடும் மதுவும் கிடைக்கும் கடைக்கு, மது உரிமம் வேண்டும் என்று விண்ணப்பித்தவரும் அவர், ஊர் சார்பில் அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர். தெருவில் நான்கு விளக்குகள். அவை எரிய மாநிலத்திடம் பணம் வாங்க வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் சாலைத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். அதையும் அவர்தான் எழுதினார்.

ஆனால் நான் அதை ஊர் என்று சொல்லக் காரணம் சட்டம் அல்ல. அந்த ஊர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பாருங்கள். 1902-ல் ரயில் வந்தது, கூடவே தபால் நிலையம் வந்தது. அந்தச் சமவெளியில் ரயில் பாதை நெடுக ஆறேழு மைலுக்கு ஒன்று, பத்து மைலுக்கு ஒன்று என்று ஊர்களை நட்டுக்கொண்டே போனார்கள். விவசாயி குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்த ஒரு பகல் தூரம்தான் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி. குதிரை போய் லாரியும் காரும் வந்ததும் அந்த இடைவெளிக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

இதைவிடப் பெரிய காரணம் நிலத்தில் இருக்கிறது. 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர், அதாவது நான்கு குடும்பங்கள். இன்று நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு ஆயிரம் ஏக்கரை ஒட்டி இருக்கிறது. ஆறு குடும்பம் உழுத நிலத்தை இப்போது ஒரு குடும்பம் இயந்திரங்களை வைத்து உழுதுவிடுகிறது. விளைச்சல் குறையவில்லை, ஆள்தான் வேண்டாமல் போயிற்று. அந்த ஐந்து குடும்பங்களின் பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளிக்கூடம் எதற்கு? அவர்கள் வாங்காத மளிகையை யாருக்கு விற்பது? மோனோவாயில் தபால் நிலையம் 1967-ல் மூடியது, பள்ளி 1974-ல் மூடியது. 1930-களில் நூற்றைம்பது பேர் வரை இருந்த ஊர், 1980-ல் 18, 1990-ல் 6, 2000-ல் 2. அந்த இருவர் கணவன் மனைவி. 2004-ல் கணவர் இறந்தார். அப்புறம்தான் நீங்கள் பார்த்த 1.

இந்த எண்கள் எல்லைக்கோட்டுக்கு உள்ளே வசிப்பவர்களை மட்டும் எண்ணியவை. கோட்டுக்கு வெளியே பண்ணைகள் இருக்கின்றன. மோனோவாய் இருக்கும் பாய்டு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) முழுவதிலும் 2010-ல் 2,099 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட, ஒரு பீர் குடிக்க, மழை பெய்ததா என்று பேச ஓர் இடம் வேண்டாமா? அந்த டேவர்னுக்கு எண்பது மைல் தாண்டியும் வண்டி ஓட்டி வந்தார்கள். மக்கள்தொகை 1 என்று பெயர்ப்பலகை சொன்ன ஊரில் மதிய வேளையில் மேசைகள் நிறைந்திருந்தன. அவர்கள் எந்தக் கணக்கிலும் மோனோவாய்க்காரர்கள் அல்ல. ஆனால் அந்த ஊர் முதலில் வந்ததே அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான். அந்த வேலையை அது 2010-லும் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் வீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையில் ஒன்றை விட்டுவிட்டேன். கணவருக்குப் புத்தகம் என்றால் உயிர். ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் இறந்த பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த ஐயாயிரம் புத்தகங்களையும் இதழ்களையும் ஒரு சின்ன அறையில் அடுக்கி நூலகமாக்கினார் அந்த அம்மா. ஓர் ஆள் ஊருக்கு நூலகம். வாசிக்க வேண்டியவர்கள் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள், டேவர்னுக்கு வரும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்.