வளைவில் சுழலும் பக்கி

கேள்வி: என் 1/10 அளவு, பின்சக்கர இயக்க ரேடியோ கன்ட்ரோல் பக்கியில் (மண் தடத்தில் ஓட்டும் சிறு கார்) பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாத, வலுவான மோட்டார்) பொருத்தினேன். வளைவில் வேகம் கொடுத்தாலே பின்பக்கம் சுழன்றுவிடுகிறது. அடுத்து எதை மாற்றலாம்?

பதில்: டயரை. வேறெதையும் இப்போது வாங்காதீர்கள். பளபளக்கும் அலுமினியப் பாகங்கள் பிடிமானம் தருவதில்லை. உதிரி மண்ணுக்கு உயர்ந்த முள் உள்ள டயர் வேண்டும்; இறுகிய களிமண் தடத்துக்குக் குட்டை முள்ளும் மென்மையான ரப்பரும் போதும்.

பிறகு, பேட்டரியுடன் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். பின் டிரைவ் ஷாஃப்டுகள் (பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள்) தரைக்கு இணையாக நின்றால், வண்டி அப்போது தரையிலிருந்து நிற்கும் உயரத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளுகிறதா? ஷாக் ஆயிலை (அதிர்வுதாங்கிக்குள் இருக்கும் எண்ணெய்) ஒரு படி மெல்லியதாக்குங்கள். பேட்டரியைச் சற்றுப் பின்னே நகர்த்தினால் பின்சக்கரங்களில் எடை கூடும். தயவுசெய்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்!

மோட்டார் தொட முடியாதபடி சுட்டால், சிறிய பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) போடுங்கள்.