மேப் செய்த கோப்பில் எழுதியது யார்? – கேள்வி பதில்

கோப்பை எம்மேப் மூலம் நினைவகத்தில் மேப் செய்து (அதாவது நினைவகத்தின் ஒரு பகுதி போலவே தெரியும்படி இணைத்து) எழுதினால், அந்த எழுத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மதுரைப் பக்கத்து நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேறு எதுவும் குறிப்பிடாத இடங்களில் லினக்ஸ் என்றே கொள்க.

கேள்வி (மாட்டுத்தாவணி): அண்ணே, பூ மார்க்கெட் கமிஷன் கடை ஒன்றுக்கு விலைப் பலகை மென்பொருள் எழுதுகிறேன். ஒரு புரோகிராம் மல்லிகை, பிச்சி, முல்லை விலைகளை மேப் செய்த கோப்பில் எழுதுகிறது. இன்னொன்று அந்தக் கோப்பை ஐநோட்டிஃபை (கோப்பு மாறினால் தெரிவிக்கும் லினக்ஸ் வசதி) மூலம் கவனித்துப் பலகையை மாற்ற வேண்டும். கோப்பில் விலை மாறுகிறது, பலகை அசையவே இல்லை. ஷெல்லிலிருந்து ஒரு வரி சேர்த்தால் மட்டும் உடனே மாறுகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் நிரலில் தவறில்லை தம்பி, நம்பிய இடத்தில்தான் தவறு. எம்மேப் வழியாக நடக்கும் மாற்றங்களை ஐநோட்டிஃபை தெரிவிக்காது என்று அதன் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த ஃபானோட்டிஃபையும் அப்படித்தான். ஷெல் எழுதும்போது ரைட் என்ற சிஸ்டம் கால் வழியாகக் கர்னலுக்குள் (இயக்க முறைமையின் மையப் பகுதிக்குள்) போகிறது, அங்கேதான் அறிவிப்பு பிறக்கிறது. நீங்கள் எழுதுவதோ வெறும் நினைவக எழுத்து. பிராசஸர் ஒரு கட்டளையை நிறைவேற்றிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கர்னலிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

முழுக்கவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. நினைவகம் 'பக்கம்' என்ற துண்டுகளாகக் கையாளப்படுகிறது. சுத்தமாக (டிஸ்க்கில் உள்ளதுபோலவே) இருக்கும் பக்கத்தில் முதல் முறை எழுதும்போது ஒரு பேஜ் ஃபால்ட் ஏற்படும், அதாவது பிராசஸர் நின்று கர்னலை அழைக்கும். கர்னல் அந்தப் பக்கத்தை 'டர்ட்டி' (இன்னும் டிஸ்க்குக்குப் போகாத மாற்றம் உள்ளது) என்று குறித்துக்கொண்டு எழுதும் அனுமதியைத் திறந்துவிடும். சினிமாக் கொட்டகையில் வாசலில் ஒரு முறை டிக்கெட் கிழித்தால் போதும், உள்ளே நாற்காலி மாறி உட்கார்ந்தாலும் எவரும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் டிஸ்க்குக்கு எழுதப்படும்போது அனுமதி மறுபடி பூட்டப்படும். அதற்கு இடையில் நீங்கள் மல்லிகை விலையை ஐம்பது முறை மாற்றினாலும் கர்னல் கண்டது அந்த முதல் மாற்றத்தை மட்டுமே.

உங்கள் நிலையில் இதையெல்லாம் துரத்த வேண்டியதே இல்லை. எழுதுகிற புரோகிராமும் உங்களுடையதுதானே? அதையே சொல்லச் சொல்லுங்கள். கோப்பின் முதல் 4 பைட்டில் ஓர் எண்ணியை வையுங்கள். எழுதத் தொடங்கும் முன் அதை ஒன்று கூட்டி ஒற்றைப்படை ஆக்குங்கள். விலைகளை எழுதுங்கள். மீண்டும் ஒன்று கூட்டி இரட்டைப்படை ஆக்கிவிட்டு, அந்த முகவரியில் ஃபியூடெக்ஸ் (ஒரு முகவரியில் காத்திருக்கவும் எழுப்பவும் உதவும் சிஸ்டம் கால்) மூலம் காத்திருப்பவரை எழுப்புங்கள். பலகைப் புரோகிராம் எண்ணியைப் பார்த்து, விலைகளைப் படித்து, எண்ணியை மறுபடி பார்க்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தாலோ இரண்டு முறையும் வெவ்வேறாக இருந்தாலோ மீண்டும் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி பழைய விலை, பாதி புதிய விலை என்று பலகையில் ஓடும். ஏலம் நடக்கிற இடத்தில் அது வம்பு. இரண்டு எச்சரிக்கைகள்: எண்ணி அட்டாமிக் மாறியாக (இடையில் குறுக்கிட முடியாதபடி ஒரே படியில் மாறுவதாக) இருக்க வேண்டும், ஃபியூடெக்ஸில் 'பிரைவேட்' கொடியைப் போடக் கூடாது, போட்டால் அடுத்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எழாது.

கேள்வி (திருமங்கலம்): எங்கள் பேக்கப் நிரல் கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்த்தே நகலெடுக்கிறது. மேப் செய்த கோப்புக்கு அதை நம்பலாமா ஐயா?

பதில்: நம்பாதீர்கள். மாற்ற நேரமும் அந்த முதல் ஃபால்ட்டில்தான் புதுப்பிக்கப்படுகிறது. வழக்கமான அமைப்பில் 30 விநாடி பழையதான டர்ட்டி பக்கங்களையே கர்னல் டிஸ்க்குக்கு அனுப்பும். அதற்கான வேலை 5 விநாடிக்கு ஒரு முறை விழித்துப் பார்க்கும். பேக்கப் நகலெடுத்துவிட்டுப் போன பிறகு, ஏற்கெனவே டர்ட்டியாக இருக்கும் பக்கத்தில் ஒரு மாற்றம் விழுந்தால் நேரம் நகராது. அடுத்த முறை பேக்கப் அந்தக் கோப்பைப் பார்த்து "மாறவில்லை" என்று தாண்டிப் போய்விடும். எழுதும் புரோகிராம் தன் வேலை முடிந்ததும் ஃபியூட்டிமென்ஸ் அழைத்துத் தானே நேரத்தைப் பதிக்கட்டும். அந்த நிரல் உங்கள் கையில் இல்லையென்றால் உள்ளடக்கத்தின் செக்சம்மை (அதிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிடுங்கள். விண்டோஸிலும் மேப் வழியாக எழுதினால் மாற்ற நேரம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற உத்தரவாதம் இல்லை.

கேள்வி (மேலூர்): எழுதுகிறேன், திரும்பப் படித்தால் இருக்கிறது, கோப்பில் மட்டும் வரவில்லை.

பதில்: எம்மேப்பில் மேப் பிரைவேட் கொடியைப் போட்டிருப்பீர்கள், அதில் மாற்றம் உங்கள் தனிப் பிரதியோடு நின்றுவிடும். மேப் ஷேர்டு போடுங்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி): என் புரோகிராம் எந்தெந்தப் பக்கங்களை மாற்றியது என்று தெரிந்தால், அவற்றை மட்டும் அடுத்த கணினிக்கு அனுப்புவேன். எம்ப்ரொடெக்ட் (பக்கங்களின் அனுமதியை மாற்றும் அழைப்பு) முறை பற்றிப் படித்தேன் சார். நடைமுறைக்கு உதவுமா?

பதில்: உதவும், பழைய முறை என்றாலும் இன்றும் நிற்கிறது. பகுதி முழுவதையும் எம்ப்ரொடெக்ட் மூலம் 'படிக்க மட்டும்' ஆக்குங்கள். எழுத முயன்றதும் செக்மென்டேஷன் சிக்னல் வரும். அந்தச் சிக்னலுக்கென நீங்கள் எழுதும் ஹேண்ட்லர் செயல்கூற்றில் தவறு நேர்ந்த முகவரி கிடைக்கும். அதைப் பக்க எல்லைக்கு இறக்கி, பக்க எண்ணை ஒரு பிட்மேப்பில் (பக்கத்துக்கு ஒரு பிட் உள்ள பட்டியலில்) குறித்து, அந்தப் பக்கத்துக்கு எழுதும் அனுமதி கொடுத்துத் திரும்பினால், நின்ற கட்டளை மறுபடி ஓடும். ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப், மேலாக் பக்கம் போகாதீர்கள். முகவரி உங்கள் பகுதிக்கு வெளியே இருந்தால் அது உண்மையான பிழை. முந்தைய ஹேண்ட்லரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பலரும் விழும் குழி வேறு. பூட்டிய பக்கத்தை ரீட் அழைப்புக்கு பஃபராகக் கொடுத்தால் சிக்னல் வராது. கர்னல்தான் அங்கே எழுத முயல்கிறது. ஆகவே ரீட் அழைப்பு 'ஈ-ஃபால்ட்' பிழையுடன் திரும்பும். அதைச் சோதிக்காத நிரலில் தரவு சத்தமில்லாமல் காணாமல் போகும். அப்படிப்பட்ட அழைப்புக்கு முன் நீங்களே அந்தப் பக்கங்களைக் குறித்துத் திறந்துவிட வேண்டும்.

கிடைப்பது பக்கக் கணக்குதான், பைட் கணக்கு அல்ல. எக்ஸ்86 கணினியில் ஒரு பைட் மாறினாலும் 4096 பைட் மாறியதாகக் காட்டும். ஆப்பிள் சிலிக்கானில் பக்கமே 16 கிலோபைட். பழைய மதிப்பையே திரும்ப எழுதினாலும் மாற்றம்தான். அனுப்பும் முன் பழைய நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா.

கேள்வி (அதே மாணவி): சாஃப்ட்-டர்ட்டி என்றும் ஒன்று இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. பக்கம் மாறியதா என்று கர்னலே ஒரு பிட்டில் குறித்துவைக்கும் வசதி அது, 2013இல் வந்த லினக்ஸ் 3.11 முதல். ஓடும் ப்ராசஸைப் படமெடுத்து வேறு இடத்தில் எழுப்பும் க்ரியூ திட்டத்துக்காகச் சேர்த்தது. ப்ராசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் அடைவில் உங்கள் ப்ராசஸின் க்ளியர்-ரெஃப்ஸ் கோப்பில் 4 என்று எழுதினால் குறிகள் அழியும். பிறகு பேஜ்மேப் கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள 64 பிட் பதிவில் 55ஆம் பிட்டைப் பார்க்க வேண்டும். சிக்னல் தொல்லை கிடையாது. ஆனால் அழிப்பது ப்ராசஸ் முழுமைக்கும். படிப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவில் விழும் எழுத்து தவறிப்போகும். இன்னொரு ப்ராசஸ் அதே கோப்பில் எழுதியதும் இதில் தெரியாது. கர்னல் 6.7இல் வந்த பேஜ்மேப் ஸ்கேன், பேஜ் ஃபால்ட்டைப் புரோகிராமே கையாள உதவும் யூசர்ஃபால்ட்எஃப்டியின் ஒத்திசையா எழுத்துத் தடையோடு சேர்ந்து, படிப்பதையும் மறுபடி பூட்டுவதையும் ஒரே மூச்சில் செய்கிறது. புதிய கர்னல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி (உசிலம்பட்டி): மின்வெட்டு அதிகம். மேப்பில் எழுதியதை டிஸ்க்குக்கு அனுப்பும் எம்சிங்க்கை அசிங்க் (முடியும்வரை காத்திருக்காத) கொடியோடு அழைக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. லினக்ஸ் 2.6.19க்குப் பிறகு அந்தக் கொடி நடைமுறையில் எதையும் செய்வதில்லை. சிங்க் கொடியோடு அழைத்து, திரும்பும் மதிப்பையும் பாருங்கள். புரோகிராம் மட்டும் செத்தால் கவலை வேண்டாம், பக்கங்கள் கர்னலிடம் பத்திரமாக இருக்கும்.

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை): எங்கள் சர்வரில் ஒரு கோப்பு தானாக மாறுகிறது. யார் எழுதுகிறார்கள் என்று பிடிக்க வேண்டும். திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலில் யாரும் சிக்கவில்லை.

பதில்: எம்மேப் செய்த பிறகு கோப்பை மூடிவிட்டாலும் மேப் உயிரோடு இருக்கும். அதனால் ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்புக்குக் கர்னல் தரும் எண்ணை) தேடிப் பயனில்லை. ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸின் மேப்ஸ் கோப்பிலும் உங்கள் கோப்பின் பெயரைத் தேடுங்கள். அனுமதிப் பத்தியில் எழுதும் உரிமையும் கடைசியில் எஸ் எழுத்தும் இருந்தால் அவர்தான் சந்தேகத்துக்குரியவர். பி என்றால் தனிப் பிரதி, விட்டுவிடலாம்.

ஒருவருக்கு மேல் சிக்கினால், கோப்பு எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இருக்கும் பட்சத்தில், கர்னலைக் கண்காணிக்கும் பிபிஎஃப்ட்ரேஸ் கருவி கொண்டு அதன் பேஜ்-எம்கேரைட் செயல்கூற்றில் (அந்த முதல் ஃபால்ட்டில் ஓடுவது) கேப்ரோப் என்ற கண்காணிப்புப் புள்ளி வைத்து, ப்ராசஸ் பெயரையும் எண்ணையும் அச்சிடுங்கள். பக்கத்தில் முதல் முறை எழுதுவது மட்டுமே அதில் விழும் என்பதால், தொடங்கும் முன் ஒரு சிங்க் கட்டளை கொடுத்துப் பக்கங்களைச் சுத்தமாக்கிக்கொள்ளுங்கள். ஆள் தெரிந்த பின் நிரலின் எந்த வரி என்று வேண்டுமானால் ஜிடிபி என்ற பிழைத்திருத்தியை இணைத்து வாட்ச்பாயின்ட் (அந்த இடம் மாறினால் நிரலை நிறுத்தும் காவல்) வையுங்கள். எக்ஸ்86இல் அதற்கு நான்கு வன்பொருள் இடங்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட். மாறுகிற புலம் எதுவென்று முதலில் நகலோடு ஒப்பிட்டுக் குறுக்கிக்கொள்ளுங்கள்.