எல்லை தாண்டும் தகவல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கடத்தல் பற்றிய உங்கள் கட்டுரையில், எல்லைக் காவல் அமைப்புகள் தனித்தனியாக நின்றால் கடத்தலைத் தொடக்கூட முடியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சில சந்தேகங்கள்.

இத்தனை டன் பிடிபட்டது, வெளிநாட்டு அமைப்பு கொடுத்த தகவலின் பேரில் நடவடிக்கை என்று அடிக்கடி செய்தி வருகிறது. இவ்வளவு தகவல் கையில் இருந்தும் கடத்தல் ஏன் நிற்கவில்லை? அப்புறம், ஒரு நாட்டின் துறைமுகத்தில் இன்னொரு நாட்டின் அதிகாரி வந்து உட்காருவது இறையாண்மையை விட்டுக்கொடுப்பது ஆகாதா? கடைசியாக ஒன்று. சிக்குகிறவர்கள் எப்போதும் குருவிகள்தான். உடம்பில் கட்டிக்கொண்டும் வயிற்றுக்குள் விழுங்கியும் வருகிற சின்னப் பிள்ளைகள். அவர்களைப் பிடிக்கவா இரண்டு அரசாங்கங்கள் கைகோத்துக்கொள்ள வேண்டும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. அதற்குக் கடைசியிலேயே வருகிறேன்.

இறையாண்மை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2002-ல் அமெரிக்கா தன் சுங்க அதிகாரிகளை வெளிநாட்டுத் துறைமுகங்களில் அமர்த்தும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ராட்டர்டாம், சிங்கப்பூர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட துறைமுகங்கள் அதில் சேர்ந்தன. அங்கே இருக்கும் அமெரிக்க அதிகாரி ஒரு கன்டெய்னரைக்கூடத் தானாகத் திறக்க முடியாது. இந்தப் பெட்டி சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஸ்கேன் செய்வதும் சீலை உடைப்பதும் அந்த நாட்டுச் சுங்கத்துறையின் வேலை. கனடாவும் ஜப்பானும் தங்கள் ஆட்களை அதே முறையில் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பின. நடுக்கடலிலும் இப்படித்தான். போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988-ம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தின் 17-வது பிரிவுப்படி, சந்தேகத்துக்குரிய கப்பல் எந்த நாட்டுக் கொடியுடன் போகிறதோ அந்த நாட்டின் அனுமதி வாங்கித்தான் மற்ற நாட்டுக் காவல்படை அதில் ஏற முடியும். பெரிய சந்தை உள்ள நாடு கேட்கும்போது சிறிய நாடு மறுப்பது சுலபமில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த அழுத்தம் நிஜம். ஆனால் விதியின் அளவில், கதவைத் திறக்கும் சாவி வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது.

இனி, இவ்வளவு தகவல் இருந்தும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி.

தகவல் என்றதும் ரகசிய உளவாளி, நள்ளிரவுத் தொலைபேசி என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் பெரும்பகுதி வெறும் காகிதம். சரக்குப் பட்டியல், அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், எடை, சீல் எண், கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தைத் தொட்டு வருகிறது என்பவை. அமெரிக்காவுக்குப் போகும் கன்டெய்னரின் விவரங்கள், அது கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே அந்த நாட்டுச் சுங்கத்துறைக்குப் போய்விட வேண்டும். சுங்கத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஸ்கேனரில் தெரிவதைவிடப் பட்டியலில் தெரிவதுதான் அதிகம் என்பார். இதுவரை மரமே வாங்காத நிறுவனம் திடீரென்று மரம் வாங்குகிறது, மலிவான சரக்கு செலவு கூடிய பாதையில் சுற்றி வருகிறது. இப்படித்தான் சந்தேகம் பிறக்கிறது.

இந்தக் காகிதத்தையும் ஏமாற்ற வழி இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவரின் கன்டெய்னரை அவருக்கே தெரியாமல் திறந்து, போதைப்பொருள் பைகளை உள்ளே எறிந்துவிட்டு, அதே எண் போட்ட போலி சீலை மாட்டிவிடுவார்கள். போய்ச் சேரும் துறைமுகத்தில் கும்பலின் ஆள் சீலை உடைத்துப் பைகளை எடுத்துக்கொள்வான். பட்டியலில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது. அனுப்பிய நாட்டில் இருந்த சீலும் வந்து சேர்ந்த இடத்தில் இருக்கும் சீலும் ஒன்றுதானா என்று இரண்டு சுங்கத்துறைகளும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதில் ஏதாவது பிடிபடும்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 2023-ல் மட்டும் சுமார் 116 டன் கொகெய்ன் பிடிபட்டது. அதுவரை அங்கே ஓர் ஆண்டில் அவ்வளவு பிடிபட்டதில்லை. இதை வெற்றி என்பதா, இவ்வளவு வந்துகொண்டிருக்கிறதே என்று பயப்படுவதா? பிடிபட்ட எடை கூடினால் காவல் பலமாகியிருக்கலாம், கடத்தலே பெருகியிருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம். ஆனாலும் எல்லா அமைப்புகளும் ஆண்டு முடிவில் கணக்குக் காட்டுவது அந்த எடையைத்தான். எனக்குள்ள பெரிய குறையும் இதுதான். சரக்கு கையில் சிக்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள்.

2019 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த கன்டெய்னர்கள். பட்டியலில் மரம் என்று இருந்தது. சீனச் சுங்கத்துறை கொடுத்த தகவலின் பேரில் திறந்து பார்த்தார்கள். 8.8 டன் யானைத் தந்தம். 11.9 டன் அழுங்கு, அதாவது எறும்புதின்னியின் செதில். ஏறக்குறைய 300 யானைகளும் 2,000 அழுங்குகளும் செத்திருக்க வேண்டும். சரக்கு ஒரு நாட்டில் புறப்பட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறது, வழியில் மூன்றாவது நாடு, தகவல் நான்காவது நாட்டிலிருந்து. நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இது. அந்தத் தகவல் வராமல் இருந்திருந்தால் மரம் என்ற பெயரிலேயே அது போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் பிடித்த தந்தத்தை என்ன செய்கிறோம்? கிடங்கில் பூட்டி வைக்கலாம், எரிக்கலாம். இன்னொன்றும் செய்யலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசரும் அவரது குழுவினரும் பல நாடுகளில் பிடிபட்ட தந்தங்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஒப்பிட்டார்கள். ஒரே யானையின் ஒரு தந்தம் ஒரு கன்டெய்னரிலும் மறு தந்தம் வேறு நாட்டில் பிடிபட்ட வேறொரு கன்டெய்னரிலும் இருந்தன. அப்படியானால் அந்த இரண்டு கன்டெய்னர்களையும் நிரப்பிய கை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இப்படிக் கோத்துக்கொண்டே போய், ஆப்பிரிக்காவில் உள்ள மொம்பாசா, என்டெபே, லோமே ஆகிய மூன்று ஊர்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கும்பல்களை 2018-ல் அடையாளம் காட்டினார்கள். தனித்தனி வழக்குகளாக மூடிவைத்த கோப்புகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. இதற்குத் தேவைப்பட்டது, பிடித்த நாடுகள் தந்தத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொடுப்பது மட்டும்தான். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள், 500 கிலோவுக்கு மேல் தந்தம் பிடித்தால் 90 நாட்களுக்குள் மாதிரி எடுக்க வேண்டும் என்று 2013-ல் முடிவு செய்தன. அதை எல்லா நாடுகளும் ஒழுங்காகச் செய்தாலே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது.

போதைப்பொருளில் இதற்கு இணையான வழி, கையில் கிடைத்ததைப் பிடிக்காமல் விட்டுப் பின்தொடர்வது. கண்ட்ரோல்ட் டெலிவரி என்பார்கள். நான் சொன்ன 1988 ஒப்பந்தத்தின் 11-வது பிரிவு இதற்கானது. சரக்கை அப்படியே அனுப்பலாம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை அனுப்பலாம். போதைப்பொருளுக்குப் பதில் வேறு பொடியை வைத்தும் அனுப்பலாம். எது செய்தாலும் வழியில் உள்ள நாடுகள் சம்மதிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தனியாகச் சம்மதிக்க வேண்டும். நாற்பது கிலோவைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி அதை அடுத்த நாட்டுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால், பறிமுதல் கணக்கு அவருடையது இல்லை, பாராட்டும் அவருக்கு இல்லை. அங்கே சரக்கு கைநழுவிப் போனால் பழி மட்டும் வரும். இரண்டு நாட்டு அமைப்புகளுக்குள் உண்மையாகவே உறவு இருக்கிறதா என்பதை நான் இதை வைத்துத்தான் அளப்பேன். மாநாட்டுப் புகைப்படங்களை வைத்து அல்ல.

மறுபக்கத்துக்குச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அரிசோனாவில் 2009 இறுதியிலிருந்து ஓர் ஆண்டுக்கு மேல் இது நடந்தது. மெக்சிகோக் கும்பல்களின் தலைகளைப் பிடிப்பதற்காக, கள்ளத்தனமாக வாங்கப்படுவது தெரிந்தும் ஏறக்குறைய 2,000 துப்பாக்கிகளை அமெரிக்க அமைப்பு ஒன்று தடுக்காமல் விட்டது. எல்லை தாண்டிப் போய் மெக்சிகோவில் அவை உயிர்களை எடுக்கும் என்று தெரியும். மெக்சிகோ அரசுக்குச் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லைக்கு அப்பால் பின்தொடர ஆளும் இல்லை. துப்பாக்கிகள் மறைந்துபோயின. 2010 டிசம்பரில் அமெரிக்க எல்லைக் காவல் வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன.

சரி, உங்கள் குருவிகளுக்கு வருகிறேன்.

மயூரன் சுகுமாரனை நினைவிருக்கும். 2005 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாலியில் 8 கிலோவுக்கு மேல் ஹெராயினுடன் பிடிபட்ட ஒன்பது ஆஸ்திரேலியர்களில் ஒருவர். பிடிபட்ட அன்று அவருக்கு 24-வது பிறந்தநாள். அந்த ஒன்பது பேரைப் பற்றி இந்தோனேசியப் போலீசுக்குக் கடிதம் அனுப்பியது அவர்கள் சொந்த நாட்டுக் காவல்துறை. போதைப்பொருள் கடத்தலுக்கு இந்தோனேசியாவில் மரண தண்டனை உண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை. கடிதம் எழுதியவர்களுக்கு அது தெரியும். ஒன்பது பேரில் ஒருவனின் தந்தை, மகன் தப்பான காரியத்துக்குப் போகிறான் என்று பயந்து, அவன் புறப்படும் முன்பே வழக்கறிஞர் நண்பர் மூலம் ஆஸ்திரேலியப் போலீசுக்குச் சொல்லியிருந்தார். தடுத்து நிறுத்துவார்கள் என்று நம்பினார். நிறுத்தவில்லை.

அவர்கள் சிட்னிக்கு விமானம் ஏறும்வரை விட்டு, அங்கே சரக்கை வாங்க யார் வருகிறார்கள் என்று பார்த்திருக்கலாமே என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். பின்தொடர்ந்திருந்தால் மேலே இருப்பவர்களை நெருங்கியிருக்கலாம், ஒன்பது பேரும் மரண தண்டனை இல்லாத நாட்டில் விசாரணையைச் சந்தித்திருப்பார்கள். அதற்குப் பதிலாகப் பத்து ஆண்டு சிறை. மயூரன் அங்கே ஓவியம் கற்றுக்கொண்டார், மற்ற கைதிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 2015 ஏப்ரல் 29 அன்று அவரையும் அந்த ஒன்பது பேரில் இன்னொருவரான ஆண்ட்ரூ சானையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் இருவரும் கும்பலில் வெறும் குருவிகள் அல்ல, மற்றவர்களைக் கூட்டிப்போனவர்கள் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அதை மறைக்கத் தேவையில்லை. தண்டனை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. உயிரோடு இருந்து அனுபவிக்கும் தண்டனை போதும் என்கிறேன். சிறையில் மீதமிருந்த ஐந்து பேர் 2024 டிசம்பரில்தான் ஆஸ்திரேலியா திரும்பினார்கள், அதுவும் இரண்டு அரசாங்கங்கள் பேசிச் செய்த ஏற்பாட்டினால்.

அதனால் தகவலே கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி இருந்தால் அந்தத் தந்தம் சிங்கப்பூரைத் தாண்டிப் போயிருக்கும். ஆனால் ஒரு பெயரை எல்லைக்கு அப்பால் அனுப்பினால் அந்தப் பெயருக்கு உரிய உயிரும் கூடவே போகிறது. அனுப்பிவிட்டோம், இனி அந்த நாட்டின் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று கை கழுவ முடியாது. பல நாடுகள் இப்போது, மரண தண்டனை கேட்க மாட்டோம் என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் சாட்சியங்களைக் கொடுக்கின்றன. ஆஸ்திரேலியக் காவல்துறையும் 2009-ல் தன் விதிகளை மாற்றியது. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்காக வெளிநாட்டில் ஒருவர் கைதான பிறகு அவரைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டுமானால் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்றது. கைதாவதற்கு முன்பு என்றால், காவல்துறையின் மூத்த அதிகாரிகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவைத்தது. பாலிக்குப் போன கடிதம் கைதுக்கு முன்பு போனது.