பாத் மாத்தியும் பழைய லைப்ரரியே வருதா?

கேள்வி: லினக்ஸ்ல சிஸ்டத்தோட வந்த ஜிசிசி (சி, சி++ கம்பைலர்) 9 இருக்கு, ஓபிடி ஃபோல்டர்ல தனியா 13.2 போட்டேன். பாஷ்ஆர்சி ஃபைல்ல (ஷெல் தொடங்கும்போது படிக்கிற செட்டிங்ஸ்) பாத், அதாவது கமாண்டைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட், மாத்தியாச்சு, வெர்ஷன் கேட்டா 13னு சொல்லுது, கம்பைலும் ஆகுது. ஆனா ரன் பண்ணா ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 (சி++ லைப்ரரியோட வெர்ஷன் அடையாளம்) இல்லைனு எரர். பில்டு டூலான சிமேக் வேற இன்னும் 9-ஐத்தான் பிடிச்சுட்டு நிக்குது. என்ன பண்றது?

பதில்: எந்த கம்பைலர் ஓடணும்ங்கிறதோட பாத் வேலை முடிஞ்சுது. இடமிருந்து வலமா தேடும், முதல்ல எங்க ஜிசிசி கிடைக்குதோ அங்கயே நின்னுடும், நீங்க புதுசை முன்னாடி வெச்சிருக்கீங்க, அது சரிதான். ஆனா கட்டி முடிச்ச புரோகிராம் ஓடும்போது லிப்எஸ்டிடிசி++ங்கிற சி++ லைப்ரரியைத் தேடுறது, லைப்ரரிகளை மெமரில ஏத்துற டைனமிக் லோடர், அது பாத் பக்கமே திரும்பாது, நேரா சிஸ்டம் ஃபோல்டருக்குப் போய் பழசை எடுத்துக்கும். 9-ஓட லைப்ரரில 3.4.28 வரைக்கும்தான் இருக்கு, உங்க புரோகிராம் 3.4.32 கேக்குது, அதான் பிரச்சினை. எல்டிடி கமாண்டை அந்த புரோகிராம் மேல ஓட்டிப் பாருங்க, எந்த ஃபைலை எடுக்குதுன்னு அப்படியே காட்டிடும்.

எல்லாரும் சொல்றது எல்டி லைப்ரரி பாத்ல (லோடர் லைப்ரரியைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட் இருக்கிற வேரியபிள்) 13-ஓட லிப்64 ஃபோல்டரை முன்னாடி சேருங்கன்னு. வேலை செய்யும். 2004-ல வந்த ஜிசிசி 3.4-ல இருந்து இந்த லைப்ரரி ஃபைல் பேர்ல வர்ற நம்பர் 6-லயே நிக்குது, புது லைப்ரரில பழைய புரோகிராமும் பொதுவா ஓடிடும். ஆனா அதை பாஷ்ஆர்சில நிரந்தரமா எழுதி வைக்காதீங்க, ஏன்னா அந்த ஷெல்லுல இருந்து கிளம்புற எல்லா புரோகிராமுக்கும் அது போகும், நாளைக்கு வேற ஏதாவது ஃபோல்டரையும் அதுல சேத்தீங்கன்னா சம்பந்தமே இல்லாத ஒண்ணு உடையும், காரணம் தேடி மண்டை காயும். இன்னொரு பொறி: பழைய வேல்யூ காலியா இருக்கறப்ப கோலன் போட்டு ஒட்டினா கடைசில வெறும் கோலன் மிஞ்சும், லோடர் அதை இப்ப நிக்கிற ஃபோல்டர்னு எடுத்துக்கும்.

நான் சொல்றது, லிங்க் பண்ணும்போதே ஆர்பாத் ஆப்ஷன் கொடுத்து அந்த லிப்64 பாதையை புரோகிராமுக்குள்ளயே எழுதிடுங்க. அப்புறம் எல்டி லைப்ரரி பாத் வேரியபிளே தேவைப்படாது. பாத், சிசி, சிஎக்ஸ்எக்ஸ் (கடைசி ரெண்டும் சி, சி++ கம்பைலர் எதுன்னு சொல்ற வேரியபிள்) இதெல்லாம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்ல போட்டு அந்த புராஜெக்ட் டெர்மினல்ல மட்டும் சோர்ஸ் பண்ணுங்க.

சிமேக் விஷயம் சிம்பிள். முதல் தடவை கான்ஃபிகர் பண்ணப்ப கிடைச்ச கம்பைலரை கேஷ்ல எழுதிடும், அப்புறம் நீங்க வேரியபிளை எத்தனை தடவை மாத்தினாலும் கண்டுக்காது. பில்டு ஃபோல்டரையே அழிச்சுட்டு, சிசி, சிஎக்ஸ்எக்ஸ் ரெண்டுக்கும் முழுப் பாதை கொடுத்து மறுபடி ஓட்டுங்க. ஒண்ணை மட்டும் கொடுத்தா சி ஒரு வெர்ஷன்லயும் சி++ இன்னொண்ணுலயும் கம்பைல் ஆக வாய்ப்பு இருக்கு.

அட்மின் உரிமையோட ஓட்டுற சூடோ வேற பெரும்பாலான சிஸ்டத்துல தன்னோட பாத்தைத்தான் போட்டுக்கும், உங்களோடதை எடுக்காது. அதனால பில்டை சாதாரண யூசராவே முடிச்சுட்டு இன்ஸ்டாலுக்கு மட்டும் சூடோ போடுங்க.