பழைய ரிங்மாஸ்டர் கிட்: பிரிக்கலாமா, போட்டிக்குச் செல்லுமா?

கேள்வி: அரிசோனாவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், கம்பியில் பிடித்துச் சுற்றிப் பறக்கவிடும் மாதிரி விமானமான ரிங்மாஸ்டரைக் கட்டுவதற்கான ஸ்டெர்லிங் நிறுவனத்தின் கிட் ஒன்றைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது கட்டினால் ‘ஓல்டு டைம் ஸ்டண்ட்’ என்ற, பழைய வடிவமைப்புகளுக்கான வித்தைப் போட்டியில் பறக்கவிடலாமா? விமானந்தாங்கிக் கப்பல் பாணியில் நடக்கும் ‘நாஸ்டால்ஜியா கேரியர்’ போட்டிக்கும் செல்லுமா? என்னிடம் இருப்பது புது எஞ்சின்.

பதில்: ஓல்டு டைம் ஸ்டண்டில் தாராளமாகப் பறக்கவிடலாம். அங்கே கணக்கு வடிவமைப்பின் வயதுக்குத்தான். விமானம் நேற்று கட்டியதாகவும் இருக்கலாம். 1952 டிசம்பர் 31-க்குள் வந்த வடிவமைப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேத்யூ கேனியா வரைந்த ரிங்மாஸ்டர் 1950-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. (1969 வரையிலான வடிவமைப்புகளுக்கு ‘கிளாசிக்’ என்று தனிப்பிரிவு உண்டு.) ஆனால் சூப்பர் ரிங்மாஸ்டர் போன்ற பின்னாள் வடிவங்களும் அதே பெயரில் உலவுகின்றன. பெட்டியில் 42 அங்குல இறக்கை, தட்டையான ஒற்றைப் பலகை உடல் என்று இருக்கிறதா பாருங்கள்.

புது எஞ்சினுக்குத் தடையில்லை. அதற்காக மூக்கை நீட்டுவது, வாலைப் பெரிதாக்குவது எல்லாம் வேண்டாம். வெளிக்கோடு மாறினால் அது ரிங்மாஸ்டர் இல்லை. புது எஞ்சினும் மஃப்ளரும் கனம் என்பதால் சமநிலைப் புள்ளி முன்னே போய்விடும். அதை வால் பக்கம் கொஞ்சம் எடை வைத்துச் சரிசெய்யுங்கள். ஃபாக்ஸ் 35 என்ற பழைய எஞ்சின் கிடைத்தால் ஆமணக்கு எண்ணெய் தாராளமாகக் கலந்த எரிபொருள்தான் ஊற்ற வேண்டும்.

கேரியர் வேறு உலகம். கப்பல் தளம் போன்ற மேடையிலிருந்து கிளம்பி, 60 அடிக் கம்பியில் ஏழு சுற்று முழு வேகம் (கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அரை மைல்), அப்புறம் ஏழு சுற்று முடிந்த மட்டும் மெதுவாக, கடைசியில் கொக்கியால் தளத்துக் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு எஞ்சின் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் த்ராட்டிலும், கொக்கியும் வேண்டும். உங்கள் கிட்டில் இரண்டுமே கிடையாது. ரிங்மாஸ்டர் வித்தை காட்டப் பிறந்தது. கேரியர் ஆசை இருந்தால் அதற்கென்றே வந்த வடிவமைப்பைத் தேடுங்கள்.

இனி என் வேண்டுகோள்: பெட்டியில் உள்ள மரத்தை வைத்துக் கட்டிவிடாதீர்கள். ஸ்டெர்லிங்கின் வெட்டு அச்சு பல இடங்களில் பால்சா என்ற லேசான மரத்தை வெட்டாமல் நசுக்கியிருக்கும். ஒரு ரிப்பின் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) ஓரத்தை விரலால் வருடினால் பஞ்சாகப் பிசிறும். மரமும் பெரும்பாலும் கனமானது. முதலில் வரைபடத்தை மெல்லப் பிரியுங்கள், மடிப்பில்தான் கிழியும். நகல் எடுத்ததும் இறக்கையை அளந்து 42 அங்குலம் வருகிறதா பாருங்கள். நகல் இயந்திரம் சில நேரம் இழுத்துவிடும். ரிப்பை மெல்லிய ப்ளைவுட்டில் வரைந்து அச்சாக வைத்துக்கொண்டு, லேசான புது பால்சாவில் வெட்டுங்கள். பெல்கிராங்கும் (கம்பியின் இழுப்பை வால் பக்கம் கடத்தும் நெம்புகோல்) அதிலிருந்து வெளியே வரும் கம்பிகளும் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். பறக்கும்போது முழு இழுப்பையும் தாங்குவது அவைதான். அறுந்தால் விமானம் கூட்டத்துக்குள் பாயும்.

வரைபடத்தின் நகல் ஒன்றைப் போட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள். யாராவது சந்தேகம் கேட்டால் அதுவே உங்கள் சான்று.