மஞ்சள் மணலை எங்கே கொட்டினார்கள்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மதுரை வாசகர்): 1944இல் ஜெர்மானியரின் சாகன் முகாமிலிருந்து 76 போர்க்கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்களாமே. அத்தனை மண்ணையும் காவலர் கண்ணில் படாமல் எங்கே கொட்டினார்கள்?

பதில்: தோண்டியதைவிட அதை ஒளித்ததுதான் பெரும்பாடு. சாகன் இன்று போலந்தில் இருக்கிறது. நேச நாடுகளின் விமானப்படையினரை அடைத்துவைக்க ஜெர்மன் விமானப்படை அங்கே நடத்திய முகாமுக்கு ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்று பெயர். அந்த இடத்தில் மேல்மண் சாம்பல் நிறம். அடியில் இருப்பதோ பளிச்சென்ற மஞ்சள் மணல். முற்றத்தில் ஒரு கைப்பிடி மஞ்சள் மணல் கிடந்தாலே காவலருக்குச் சேதி தெரிந்துவிடும்.

ஆகவே நீண்ட உள்ளாடையின் கால்பகுதியை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். கால்சட்டைக்குள் காலுக்கு ஒன்றாக அவை தொங்கும். பையின் அடிவாயை ஓர் ஊசி மூடியிருக்கும். ஊசியில் கட்டிய நூல் சட்டைப்பைக்கு வரும். கைதி உலாவப் போவதுபோல நடந்து, தோட்டப்பாத்தி பக்கம் போனதும் நூலை இழுப்பார். மணல் காலடியில் சரியும். பின்னால் வருபவர் மிதித்து மேல்மண்ணோடு கலந்துவிடுவார். சுமையோடு அசைந்து அசைந்து நடந்ததால் இவர்களுக்குப் பெங்குவின் என்று பெயர் வந்தது. சுமார் 200 பேர், ஏறத்தாழ 25,000 நடை!

பனி விழுந்ததும் இந்த வழி அடைபட்டது. வெள்ளைப் பனிமேல் மஞ்சள் மணலை எப்படி மறைப்பது? முகாமின் நாடக அரங்கில் இருக்கைகளுக்குக் கீழே சரிந்த தரை. அதன் அடியில் வெற்றிடம் இருந்தது. ஓர் இருக்கையைக் கீல் வைத்துத் தூக்கும்படி செய்து, மிச்ச மணலை அங்கே நிரப்பினார்கள்.

கேள்வி (கோவை வாசகர்): வெறும் மணலில் தோண்டினால் சரிந்துவிடாதா? உள்ளே மூச்சு விடுவது எப்படி?

பதில்: சரியத்தான் செய்தது. தோண்டுபவர்மேல் மணல் கொட்டி மூடினால், பின்னால் இருப்பவர் அவருடைய கணுக்காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்க வேண்டும். விழுந்த மணலை மறுபடி அதே குழியில் அடைக்கவும் முடியாது. தளர்ந்த மணல் கூடுதல் இடம் கேட்கும்.

டாம், டிக், ஹாரி என்று மூன்று சுரங்கங்களை ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். ஒன்று அகப்பட்டால் இன்னொன்று இருக்கும் என்பது இதற்குத் தலைமை தாங்கிய ரோஜர் புஷெலின் கணக்கு. அது சரியாகவே போயிற்று: 1943 செப்டம்பரில் டாம் அகப்பட்டது. டிக் வெளிவர வேண்டிய இடத்தில் முகாமை விரிவாக்கிவிட்டார்கள். முடிந்தது ஹாரி மட்டும்.

ஹாரியின் வாய் 104ஆம் எண் குடிலில், அடுப்புக்கு அடியில் இருந்தது. குடில்கள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டவை. காவலர் அடியில் குனிந்து பார்க்கலாம். அடுப்புக்குக் கீழே மட்டும் செங்கல் அடித்தளம் தரைவரை இறங்கும். அதைக் குடைந்துதான் இறங்கினார்கள். அதிர்வை உணரும் ஒலிவாங்கிகளை ஜெர்மானியர் புதைத்திருந்ததால், சுமார் 9 மீட்டர் ஆழம் போன பிறகே கிடையாகத் திரும்பினார்கள். நீளம் 100 மீட்டருக்குச் சற்று மேல்; குறுக்களவு 60 சென்டிமீட்டர் சதுரம். ஓர் ஆள் படுத்தபடி ஊர்ந்து போகலாம், அவ்வளவுதான். மணலும் ஆளும் போக மரத் தண்டவாளத்தில் கயிறு கட்டி இழுக்கும் தள்ளுவண்டி இருந்தது.

சரிவைத் தடுத்தவை கட்டில் பலகைகள். ஒரு கட்டிலில் சுமார் 20 பலகை இருந்தது, கடைசியில் எட்டானது. மொத்தம் ஏறத்தாழ 4,000 பலகைகள் மண்ணுக்குள் போயின. காற்றுக்குக் கிட்பேக்குகளில் (படைவீரரின் துணிப்பைகளில்) செய்த துருத்தி. குழாய்க்கு 'க்ளிம்' பால்பவுடர் டப்பா ('மில்க்' என்பதைத் திருப்பிப் போட்ட பெயர்). அடியை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தித் தரைக்கடியில் பதித்தார்கள். அதே டப்பாவில் சூப்பின்மேல் மிதக்கும் கொழுப்பை ஊற்றி, பைஜாமா நாடாவைத் திரியாக்கி விளக்கும் ஏற்றினார்கள். அதன் புகை நெஞ்சை அடைக்கும். மின்கம்பி கிடைத்த பிறகே அந்த அவதி தீர்ந்தது.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): கைதிகள் பட்டினி கிடக்கவில்லையா?

பதில்: ஜெர்மானியர் தந்த கருப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, நீர்த்த சூப்பை மட்டும் நம்பியிருந்தால் உடம்பு தேய்ந்திருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்சல்தான் காத்தது. சுமார் 5 கிலோ இருக்கும்: பால்பவுடர், வெண்ணெய், டின் இறைச்சி, மீன், உலர்ந்த பழம், சர்க்கரை, சாக்லேட், சோப்பு. பெரும்பாலும் அறைக்காரர்கள் ஒன்றாகச் சேர்த்தே சமைத்தார்கள். சாக்லேட்டும் காபியும் காவலரிடம் லஞ்சமாகவும் போயின. போர்க்கால ஜெர்மனியில் அவற்றுக்கு அவ்வளவு கிராக்கி!

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): வெளியே வந்த பின் திசை தெரிவது எப்படி?

பதில்: திசைகாட்டியை உள்ளேயே செய்தார்கள். உடைந்த கிராமபோன் தட்டைச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் கூடு தயார். தையல் ஊசியைக் காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்த்தால் முள். கண்ணாடி, ஜன்னலில் உடைந்த துண்டு. பற்றவைக்கும் ஈயத்தை டின் இறைச்சி டப்பாவின் இணைப்பிலிருந்து சுரண்டினார்கள். அடியில் 'ஸ்டாலாக் லுஃப்ட் 3இல் செய்தது' என்று பொறித்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. தட்டச்சு எழுத்தைக் கையாலேயே வரைந்து, பூட்ஸ் ரப்பரில் முத்திரை செதுக்கிப் போலி அடையாளச் சீட்டும் தயாரித்தார்கள்.

கேள்வி (வேலூர் வாசகர்): நம் வீரர்கள் யாரும் இப்படி முயன்றதுண்டா?

பதில்: உண்டு. 1971 போரில் பிடிபட்ட விமானப்படை அதிகாரிகள் திலீப் பருல்கர், எம்.எஸ். கிரேவால், ஹரிஷ் சின்ஹ்ஜி மூவரும் 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து வெளியேறினார்கள். ஆப்கன் எல்லைக்குச் சில மைல் முன்னால், லண்டிகோட்டலில் அகப்பட்டார்கள். பழைய வரைபடத்தை நம்பி லண்டிகானாவுக்கு வழி கேட்டதுதான் வினையாயிற்று. அந்த ரயில் நிலையம் என்றைக்கோ மூடப்பட்டது. யாரும் அங்கே போவதில்லை. கேட்டவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் மற்றக் கைதிகளோடு நாடு திரும்பினார்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): சாகனில் தப்பிய 76 பேர் என்ன ஆனார்கள்?

பதில்: 1944 மார்ச் 24 இரவு 200 பேர் போவதாக ஏற்பாடு. வெளிவாயின் மூடி பனியில் உறைந்து, திறக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. திறந்தால் இன்னோர் அதிர்ச்சி: சுரங்கம் மரக்கூட்டத்தை எட்டவில்லை, காவல் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே முடிந்திருந்தது. நிமிடத்துக்கு ஒருவர் என்ற கணக்கு, மணிக்குச் சுமார் பத்துப் பேராகச் சுருங்கியது. இடையில் விமானத் தாக்குதல் எச்சரிக்கையால் மின்சாரமும் போனது. விடியற்காலை 5 மணிக்குச் சற்று முன், 77ஆவது ஆள் வெளியே வரும்போது காவலர் பார்த்துவிட்டார்.

மூவர் மட்டுமே கரை சேர்ந்தார்கள். நார்வேக்காரர் இருவர் கப்பலில் ஸ்வீடனுக்கும், டச்சுக்காரர் ஒருவர் ஸ்பெயின் வழியாக ஜிப்ரால்டருக்கும் போனார்கள். மீதி 73 பேர் பிடிபட்டார்கள். தப்ப முயன்ற கைதிக்கு அதிகபட்சம் 30 நாள் காவல் என்பதே 1929 ஜெனீவா ஒப்பந்தம். ஆனால் ஹிட்லரின் கட்டளைப்படி கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் 50 பேரைச் சுட்டுக் கொன்றது. புஷெலும் அதில் ஒருவர். 'மறுபடி தப்ப ஓடினார்கள்' என்று கணக்குக் காட்டினார்கள். ஓடியவர்களில் ஒருவர்கூடக் காயத்தோடு பிழைக்கவில்லையாம்! இது பச்சைப் படுகொலை, போர் அல்ல. போர் முடிந்ததும் பிரிட்டன் கொலையாளிகளைத் தேடிப் பிடித்து ஹாம்பர்க்கில் விசாரித்தது. 1948 பிப்ரவரியில் 13 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.