344 வெள்ளிக்குச் சாப்பிட்டோம், பில் 412 வெள்ளி. மீதி எங்கே போனது?

கேள்வி: வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு சேர்ந்து வெளியே போவோம். நான்கு பேர் பியர் குடிப்போம். மற்ற இருவர் குடிக்க மாட்டார்கள். ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் சுத்த சைவம். போன மாதம் ஆற்றோரம் ஒரு உணவகத்துக்குப் போனோம். மெனு விலையைக் கூட்டினால் 344 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்), வந்த பில் 412 வெள்ளி 46 காசு. ஆறால் வகுத்துக் கட்டிவிட்டோம். குடிக்காத இருவர் முகமும் சரியில்லை. இந்த மாதம் கூப்பிட்டால் இருவருமே வேலை இருக்கிறது என்கிறார்கள். பில் ஏன் இப்படி ஏறுகிறது, எப்படிப் பிரிப்பது, எங்கே போனால் எல்லோருக்கும் ஒத்துவரும்? பில்லின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, பில்லைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பதினாறு வருடம் இந்த ஊர் உணவகங்களில் தட்டு எடுத்து, ஆர்டர் எடுத்து, கடைசியில் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். பில்லைப் பார்த்தாலே அந்த மேசையில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். உங்களுடையதில் நான் முதலில் பார்த்தது தொகையை அல்ல, நேரத்தை. மேசை திறந்தது இரவு 8.12, முதல் பியர் 8.19. நீங்கள் போவதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் அந்தக் கடையில் சலுகை நேரம் முடிந்திருக்கிறது (பில்லின் அடியிலேயே "தினமும் 8 வரை" என்று அச்சடித்திருக்கிறார்கள், பாருங்கள்). ஒன்பது பைண்ட் (பெரிய கிளாஸ் பியர்), ஒவ்வொன்றும் 18 வெள்ளி, ஆக 162. ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் இதே பியர் 11, 12 வெள்ளிக்குக் கிடைத்திருக்கும்.

சரி, 344 எப்படி 412 ஆனது? மெனுவில் விலைக்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். முதல் கூட்டல் 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 9 சதவீதம். பலரும் பத்தும் ஒன்பதும் பத்தொன்பது என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகு வருகிற தொகைக்குத்தான் வரி, அதனால் உண்மையில் 19.9 சதவீதம். உங்கள் கணக்கு: 344, அதோடு 34.40 சேர்ந்து 378.40, அதன்மேல் 9 சதவீதம் 34.06, மொத்தம் 412.46. தப்பே இல்லை. மெனுவைப் பார்க்கும்போதே விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு எந்தப் பில்லும் அதிர்ச்சி தராது.

பொதுவாகக் கடைகள் வரியையும் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும், சேவைக் கட்டணம் வாங்குகிற உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு. "நெட்" என்று போட்டிருந்தால் எல்லாம் அடக்கம். சின்னக் கடை, வருட விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாதது என்றால் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, பெரும்பாலும் அந்த 9 சதவீதமே வராது. அப்புறம் ஒன்று, சேவைக் கட்டணம் அப்படியே உங்களுக்குப் பரிமாறிய பையன் கைக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது கடையின் வருமானத்தில் சேர்கிறது. பையனுக்கு எவ்வளவு என்பது முதலாளியைப் பொறுத்தது. இதற்குமேல் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இங்கே இல்லை.

உங்கள் பில்லில் இன்னும் இரண்டு அயிட்டங்கள் என் கண்ணில் பட்டன. கடலை 6 வெள்ளி, ஈரத்துண்டு ஆறு பேருக்கு 3 வெள்ளி. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். உட்கார்ந்ததும் சின்னத் தட்டில் கடலையைக் கொண்டுவந்து வைப்பார்கள், பேசிக்கொண்டே ஒருவர் கை அதில் போய்விடும், கை பட்டதும் அது உங்கள் கடலை. வேண்டாம் என்றால் வைக்கும்போதே எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நானே ஆயிரம் தடவை திருப்பி எடுத்துப் போயிருக்கிறேன்.

இனி பியருக்கு வருவோம், பணம் கரைவது அங்கேதான். சிங்கப்பூரில் மது விலை அதிகம் என்றதும் எல்லோரும் அரசாங்க வரியைத் திட்டுவார்கள். ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்களேன். இங்கே மதுவரி பாட்டிலுக்கு இவ்வளவு என்று இல்லை, உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலின் அளவுக்கு. ஒயினுக்கும் விஸ்கிக்கும் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. இறக்குமதி பியருக்கு 60, அதோடு சுங்கம் 16, ஆக 76. 5 சதவீத பியர் 500 மில்லியில் ஆல்கஹால் 25 மில்லிதான், அதற்கு வரி 1 வெள்ளி 90 காசு. நீங்கள் 18 வெள்ளி கொடுத்த பைண்ட்டில் மதுவரி கிட்டத்தட்ட 2 வெள்ளி! மீதியில் பெரும்பங்கு ஆற்றோர வாடகை, ஆள் சம்பளம், விளக்கு, பாட்டு. விஸ்கி அப்படியில்லை, 40 சதவீத 700 மில்லி பாட்டில் ஒன்றில் வரியே 24 வெள்ளி 64 காசு. அதனால் விஸ்கிக்காரர்களுக்கு எங்கே போனாலும் தப்பிக்க வழி குறைவு, பியர்காரர்களுக்கு இடத்தை மாற்றினாலே பாதி மிச்சம்.

(பைண்ட் என்ற பெயரை நம்பாதீர்கள். ஒரு கடையில் 568 மில்லி, இன்னொன்றில் 473, சிலதில் அதற்கும் குறைவு. எத்தனை மில்லி என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.)

இடத்தை மாற்றுவது என்றால் நான் சொல்வது காப்பிக்கடை. உங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழேயே ஒன்று இருக்கும். 600 மில்லிக்கு மேல் பிடிக்கும் பெரிய பாட்டில், வட்டாரத்தைப் பொறுத்து 8 வெள்ளிக்கு முன்பின் இருக்கும், கூட்டல் குறி கிடையாது. பியர் விற்கிற அக்கா ஒருவர் ஐஸ் வாளியோடு வருவார். சில இடங்களில் காலி பாட்டிலை எடுத்துப் போகவே மாட்டார், மேசை ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கவைப்பார். அதுதான் பில். கடைசியில் எண்ணிப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டியதுதான், யார் எத்தனை குடித்தார் என்ற தகராறுக்கே இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி, பக்கத்து மேசையில் சத்தமாகப் பந்தாட்டம் பார்க்கிற பெரியவர்கள். இது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் சலுகை நேரத்தில் நகரத்துப் பாருக்குப் போங்கள். இரண்டும் வேண்டாம், எட்டரை மணிக்கு ஆற்றோரம்தான் உட்காருவேன் என்றால், தாராளமாக உட்காருங்கள், அது காற்றுக்கும் காட்சிக்கும் கொடுக்கிற காசு என்று தெரிந்து உட்காருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். குடிப்பதையும் சாப்பிடுவதையும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரே இடம், ஒரே மேசை, ஒரே பில் என்று வைத்துக்கொள்வதுதான் உங்கள் ஆறு பேருக்குள் மனக்கசப்பை உண்டாக்குகிறது. நால்வர் ஆறு மணிக்குச் சந்தித்து, சலுகை நேரத்தில் ஆளுக்கு இரண்டு பைண்ட் குடித்து, தங்கள் பில்லைத் தாங்களே கட்டிவிடுங்கள். மற்ற இருவரும் ஏழரைக்கு நேராகச் சாப்பாட்டு இடத்துக்கு வரட்டும். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், ஒரு தட்டு வறுவலாவது வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆறு பேரும் ஒரு மேசை.

அந்த மேசை எங்கே? உணவங்காடி நிலையம் என்பேன். முஸ்லிம் நண்பரை ஹலால் இல்லாத உணவகத்துக்கு அழைத்துப் போய் "நீ மீன் சாப்பிடு" என்பது சரியில்லை. ஹலால் சான்றிதழ் உள்ள உணவகத்திலோ மது இருக்காது. அங்காடியில் அவரவர் கடையில் அவரவர் வாங்கி வந்து ஒன்றாக உட்காரலாம். நகர மையத்தில் வேலை என்றால் லாவ் பா சாட். சாயங்காலம் பக்கத்து பூன் டாட் ஸ்திரீட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சாலையிலேயே மேசை போட்டுச் சத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுவார்கள், புகை சட்டையில் ஏறும், அதுவும் ஒரு வாசம்தான். கடையில் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று நண்பரே பார்த்துக்கொள்வார், நீங்கள் அவருக்காக முடிவெடுக்க வேண்டாம். அதேபோல், பியர் இருக்கிற மேசையில் உட்கார அவருக்குச் சம்மதமா என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குப் பிரச்சினை இல்லை, சிலருக்கு அது பெரிய சங்கடம், வெளியே சொல்லவும் மாட்டார்கள். இந்த மாதம் அவருக்கு "வேலை" வந்ததற்குக் காரணம் பணம் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

சைவ நண்பரை நினைத்தால் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் நல்லது. சிராங்கூன் சாலையில் 1947ல் தொடங்கிய கோமள விலாஸ் முதல் நேற்று திறந்தது வரை சைவக் கடைகள் உண்டு. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனால் வாழையிலையும் மீன்தலைக் கறியும். தேக்கா உணவங்காடி நிலையத்தையே நம்பிப் போவதானால் சீக்கிரம் போங்கள், இரவானால் பல கடைகள் அடைத்துவிடுவார்கள்.

அந்த வட்டாரத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் இன்னும் கடுமை. சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிப்பதில் தடை இல்லை. பொது இடம் என்றால் சாலை, பூங்கா மட்டும் இல்லை, புளோக்குக்குக் கீழே இருக்கும் வெற்றுத் தளமும்தான். பார் மூடியாயிற்று, இன்னும் ஒரு கேன் கீழே உட்கார்ந்து குடிப்போம் என்று கிளம்புகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். முதல் தடவைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம் போடலாம்.

அங்காடியிலும் காப்பிக்கடையிலும் சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், 12 மணி அடித்ததும் டாக்சி மீட்டர்மேல் 50 சதவீதம் ஏறும், 11.30க்கே எழுந்துவிடுங்கள். கார் கொண்டுவருகிறவர் அன்றைக்குக் குடிக்கிற நால்வரில் ஒருவராக இருக்கக் கூடாது. 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் என்பது சட்ட வரம்பு. அது இரண்டு பைண்ட்டா மூன்றா என்று உடம்பை வைத்துச் சோதனை பண்ண வேண்டாம்.

மறுபடி ஆற்றோரம் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தால், ஆர்டர் கொடுக்கும்போதே "சாப்பாடு ஒரு பில், பியர் ஒரு பில்" என்று சொல்லிவிடுங்கள். முதலில் சொன்னால் கல்லாவில் இருப்பவருக்கு அது ஒரு பொத்தான் வேலை. முடிந்த பிறகு கேட்டால் அரை மணி நேரம், அதற்குள் யாராவது "பரவாயில்லை, வகுத்துக்கலாம்" என்பார், அப்படிச் சொல்கிறவர் எப்போதுமே நிறையக் குடித்தவராகத்தான் இருப்பார். என் அனுபவத்தில் இது மாறியதே இல்லை. எழுந்திருப்பதற்கு முன்பே பங்கைப் பேநவ்வில் (கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி) அனுப்பிவிடுங்கள், நாளைக்கு என்றால் அது அடுத்த மாதம்.

கடைசியாக, போன மாதத்து 412. சாப்பாடு 168, ஆளுக்கு 28. குடிக்காத இருவருக்கும் ஆளுக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் 7, ஆக 35, கூட்டல் குறிகளோடு 41 வெள்ளி 97 காசு. குடித்த நால்வருக்கும் 28 உடன் பியர் 40.50, ஆக 68.50, கூட்டல் குறிகளோடு 82 வெள்ளி 13 காசு. நீங்கள் எல்லோரும் கட்டியது 68.74. அதாவது அந்த இருவரும் ஆளுக்கு 26 வெள்ளி 77 காசு உங்கள் பியருக்குக் கொடுத்திருக்கிறார்கள், சைவக்காரர் ஒரு தட்டு பனீரும் சோறும் சாப்பிட்டுவிட்டு மட்டனுக்கும் சேர்த்து. நால்வரும் ஆளுக்கு 13 வெள்ளி 39 காசு போட்டு இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். 27 வெள்ளியாக ரவுண்டு பண்ணி அனுப்புங்கள், நீண்ட மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். "போன மாசக் கணக்கு தப்பு, அடுத்தது லாவ் பா சாட், ஏழரைக்கு வா" என்றால் போதும்.